கத்திரி வெயிலும் கழனி வேலை நேரமும்

சித்திரை மாதம் 21-ஆம் தேதியையொட்டித் தொடங்கி வைகாசி 14-ஆம் தேதி வரையில் அக்கினி நட்சத்திர காலமென்று பஞ்சாங்கங்கள் குறிக்கின்றன. ஆங்கில மாதக் கணக்கில் இது ஏறத்தாழ மே 4 முதல் 28 வரையில் ஆகும். இந்நாட்களில் கிணறு வெட்டுதல், புதுமனை கட்டத் தொடங்குதல், மரம் வெட்டுதல், நெடும்பயணம் போதல் முதலிய காரியங்களை நம்மவர் விலக்கி வைப்பது வழக்கம். காரியங்களுக்கு நாள் பார்ப்பதில் இத்துணைச் சிரத்தை காட்டும் நாம், கழனியில் ஆட்கள் இறங்கும் நேரத்தை மட்டும் தைமாதத்தில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே சித்திரையிலும் வைத்துக்கொண்டிருக்கிறோம். இது மாறவேண்டும் என்பதும், மாற்றவேண்டியவர் நிலமுடையவரே என்பதும், இதனால் அவருக்கு நஷ்டமில்லை என்பதும் எனது அபிப்பிராயம்.

கோடையில் வயலில் வேலை ஏது என்று பட்டணத்தார் வினவுவதுண்டு. இப்பத்திரிகையைப் படிப்போருக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. எள் அறுப்பும், நிலக்கடலை பறிப்பும், காவிரிப் படுகையில் கோடைப் பருத்தி எடுப்பும், ஆழ்குழாய்க் கிணறுள்ள இடங்களில் குறுவை நாற்றங்கால் விடுதலும், கரும்பு வெட்டும், கோடையுழவும், எருவடிப்பும், ஏரிகளில் வண்டல் எடுப்பும் பங்குனி முதல் வைகாசி வரையிலான மூன்று மாதங்களிலேயே வந்து கூடுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை குனிந்த முதுகோடு செய்யும் வேலைகள். கதிரவன் உச்சியில் நிற்கும்போது குனிந்த முதுகின்மேல் விழும் வெயிலைப் பற்றி, தென்னந்தோப்பின் நிழலில் கயிற்றுக்கட்டிலில் அமர்ந்து கணக்கெழுதுவோருக்கு அதிகம் தெரிய வழியில்லை.

முதலில் உடம்பின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மனித சரீரத்தின் இயல்பான உஷ்ணம் 37 டிகிரி சென்டிகிரேடு. வேலை செய்யும்போது தசைகளில் வெப்பம் பிறக்கிறது. வெயிலிலிருந்தும் வெப்பம் ஏறுகிறது. வெளிக்காற்றின் உஷ்ணம் உடம்பின் உஷ்ணத்தை மீறியபின், இவ்வெப்பம் வெளியேறுவதற்கு இருக்கும் ஒரே வாயில் வியர்வையே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும் வியர்வையினால் பயன் ஒன்றுமில்லை.

இதை விளங்கிக்கொள்ள மண்பானையைப் பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதனால் உள்ளேயுள்ள தண்ணீர் குளிர்கிறது. வறண்ட மேல்காற்று அடிக்கும் நாளில் கரூரிலும் திருச்சியிலும் பானைத் தண்ணீர் பல் கூசும்படி குளிர்ந்திருக்கும். நாகப்பட்டினம், கடலூர் முதலிய கடலோரங்களில் புழுக்கமான நாளில் அதே பானை வெறுமனே நனைந்து நிற்குமேயன்றி நீர் குளிராது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதனால் கசிந்த நீர் ஆவியாகவில்லை. நம் சரீரமும் அப்பானையைப் போன்றதே. ஆகையால் எந்நாளில் வீட்டுப் பானைத் தண்ணீர் சரியாகக் குளிரவில்லையோ, அந்நாளில் வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் வேலையாட்களுக்கு அபாயம் அதிகம் என்று கொள்ளலாம். கருவி வேண்டுவோர் இரண்டு வெப்பமானிகளை வாங்கி ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி வைத்துப் பார்க்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் குறையக் குறைய வியர்வையின் பயனும் குறைகிறது. செய்முறை விளக்கத்துக்குப் போகும் ஊர்களில் இதைக் காட்டினால், பெரியவர்களைவிடப் பள்ளிப் பிள்ளைகளே விரைவில் கிரகித்துக்கொள்கிறார்கள்.

பத்திரிகைகளில் வரும் உஷ்ண அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானிலை இலாகாவினர் நிழலில், காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள், தரைக்கு மேல் நாலடி உயரத்தில் வைத்த கருவியைக் கொண்டு அளக்கின்றனர். சமவெளியில் குறைந்தது 40 டிகிரியும், கடலோரத்தில் 37 டிகிரியும் எட்டி, அந்நாளின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ கூடியிருந்தால் அதனை வெப்ப அலை என்கின்றனர். இவ்வளவு நிழலின் அளவு. எள் அறுப்பவர் நிற்கும் இடம் நிழலன்று. அன்றியும், வெப்ப அலை என்று அறிவிக்கப்படாத நாளெல்லாம் அபாயமில்லாத நாள் என்று எண்ணுதல் தவறு. வேலூரிலும் ஈரோட்டிலும் சித்திரையில் 40 டிகிரி என்பது வழக்கத்தை ஒட்டியதாகையால், வழக்கத்திலிருந்து வித்தியாசம் சொற்பமாக இருக்கும், அறிவிப்பு வராது, ஆனால் உடம்பு வித்தியாசத்தைப் பார்த்துச் சூடேறுவதில்லை.

நான் சொல்லும் ஏற்பாடு யாதெனின், பங்குனி மத்தியிலிருந்து ஆனித் தொடக்கம் வரையில் ஆட்கள் காலை 5.30 மணிக்குக் கழனியில் இறங்கி 10.30 மணிக்குக் கரையேற வேண்டும். 11 மணிக்குப் பிறகு 4 மணி வரையில் வெட்டவெளியில் எவரும் நிற்கலாகாது. அவசர வேலையிருப்பின் மாலை 4 மணிக்குமேல் இருட்டும் வரையில் செய்துகொள்ளலாம். இதற்காகக் கூலியில் ஒரு காசும் குறைக்கக்கூடாது. இக்கடைசி வாக்கியத்தில்தான் விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை நான் அறிவேன்.

கூட்டங்களில் இதைச் சொன்னவுடன் எழும் ஆட்சேபங்கள் சில. "எங்கள் பாட்டன், முப்பாட்டன் வெயிலில் வேலை செய்யவில்லையா?" என்பது முதலாவது. செய்தார்கள், ஆனால் எந்த வெயிலில் என்று பார்க்கவேண்டும். விடிவெள்ளி முளைக்கும்போது ஏர் பூட்டி, வெயில் உறைக்குமுன் ஏர் அவிழ்ப்பதே அக்காலத்து முறை. காரணம் மனிதன்மேல் கொண்ட இரக்கமன்று. உழவுமாடு உச்சிவெயிலில் நுரை தள்ளிப் படுத்துவிடும். மாட்டின் விலை அதிகம். மாட்டை முன்னிட்டு உழவனும் நிழலுக்கு வந்தான். உழவு இயந்திரம் வந்தபின் இக்கட்டுப்பாடு போயிற்று. இயந்திரத்துக்கு நடுப்பகலும் விடியற்காலமும் ஒன்றே. அது வரும் நேரத்துக்கு வரப்பு வெட்டவும் மூலை கொத்தவும் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறபடியால் அதை நிறுத்த எவரும் துணிவதில்லை. ஆகவே பாட்டன் காலத்துப் பழக்கத்தைக் கைவிட்டவர் நாமேயன்றி, அதைக் கைவிடச் சொல்பவன் நானல்லன்.

"ஆட்கள் அந்நேரத்துக்கு வரமாட்டார்கள்" என்பது இரண்டாவது. இதில் பாதி உண்மை உண்டு. கூலிக்கு வருவோரில் பெரும்பாலோர் பெண்கள். தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளை ஒழுங்கு செய்துவிட்டு 5.30 மணிக்குப் புறப்படவேண்டுமானால் 3 மணிக்கு எழவேண்டும். இதற்கு உபாயம் பிள்ளைகளின் கோடை விடுமுறையிலேயே இருக்கிறது. பள்ளிக்கு அனுப்பும் அவசரம் அம்மாதத்தில் இல்லை. மற்றொன்று, காலை ஆகாரத்தை நிலமுடையவர் கொடுத்தல். நீராகாரமும் வெங்காயமும், அல்லது கம்பங்கூழும் மோரும் 8 மணிக்கு வரப்பில் வந்து சேருமானால் வீட்டில் அடுப்பு மூட்டும் வேலை ஒருவேளை மிச்சம். பத்து ஆட்களுக்குக் கூழ் காய்ச்சும் செலவு பெரிதன்று. முன்பு பண்ணைகளில் இருந்த வழக்கமே இது. ஒருவர் மட்டும் நேரத்தை மாற்றினால் ஆள் கிடைப்பது அரிது என்பதும் மெய்யே. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தை நிர்ணயித்துக்கொண்டால், ஆட்களும் தங்கள் வீட்டு வேலையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வர்.

"ஐந்து மணி நேரத்துக்கு முழுக்கூலியா?" என்பதே உண்மையான ஆட்சேபம், மற்றவை இதற்கு முன்னுரை. காலை 9 மணிக்கு இறங்கி, 1 மணிக்குச் சாப்பாட்டுக்கு ஏறி, மீண்டும் 2 முதல் 4 வரை செய்யும் ஊர்களில் கணக்குப்படி வேலை 6 மணி நேரம். இவற்றுள் 11 மணிக்குப் பிறகுள்ள நான்கு மணி நேரத்தில் கை எவ்வளவு ஓடுகிறது என்பதை வரப்பில் நின்று பார்த்தவர் சொல்லட்டும். தண்ணீருக்கு ஏறுவதும், மரத்தடியில் நிற்பதும், முக்காட்டைச் சரிசெய்வதுமாக நேரம் போய்விடும். போகாவிட்டால் ஆள் போய்விடுவார். விடியற்காலை ஐந்து மணி நேரத்தில் அறுத்த எள்ளுக்கட்டுகளையும், பகல் ஆறு மணி நேரத்தில் அறுத்தவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு நிலமுடையோரைக் கேட்டுக்கொள்கிறேன். எள்ளைப் பொறுத்தமட்டில் இன்னொரு லாபமும் உண்டு. முற்றிய காய் உச்சிவெயிலில் வெடித்து மணி சிதறும். பனிப்பதம் உலராத காலையில் அறுத்தால் சிதறல் குறைவு. இவ்வோரிடத்தில் ஆளுக்கு நல்லதும் மணிக்கு நல்லதும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன.

வெளியிடங்களில் இது புதுமையன்று. அண்டையிலுள்ள கேரளத்தில் கோடைதோறும் நண்பகல் 12 முதல் 3 மணி வரையில் வெட்டவெளியில் வேலை வாங்கலாகாது என்று தொழில் இலாகாவினர் உத்தரவிடுகின்றனர். 1998-ஆம் ஆண்டில் ஒடிசாவில் வெப்பத்தினால் 2,000 பேருக்கு மேல் மடிந்தபின், அம்மாநிலத்தார் பள்ளிகளைக் காலையில் நடத்துதல், நடுப்பகல் வெளிவேலையை நிறுத்துதல், ஊர்தோறும் தண்ணீர்ப்பந்தல் வைத்தல் ஆகியவற்றை வழக்கமாக்கிக்கொண்டனர். கத்தார் தேசத்தில் 2021 முதல் ஜூன் 1-ஆம் தேதி தொடங்கி செப்டம்பர் 15 வரையில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்குவது சட்ட விரோதம். நம் கிராமத்து இளைஞர் பலர் வளைகுடா நாடுகளில் இவ்வகை விதியின் நிழலில் வேலை செய்து, ஊருக்குத் திரும்பியபின் தம் தாயார் நண்பகலில் பருத்தி எடுப்பதைப் பார்க்கின்றனர்.

கரும்பு வெட்டைப் பற்றித் தனியாகக் குறிப்பிடவேண்டும். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதனால் வெட்டாள் தன்னைத்தானே விரட்டிக்கொள்கிறார். ஓய்வெடுத்தால் அவருக்கே குறைவு. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகராகுவா ஆகிய தேசங்களில், நீரிழிவோ இரத்தக்கொதிப்போ இல்லாத இளவயதுக் கரும்பு வெட்டாட்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரக நோயினால் மாண்டனர். கடும் வெயிலில் நீர் வற்றிய உடம்போடு நாள்தோறும் கடும் வேலை செய்தது இதற்கு முக்கியமான காரணமென்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அங்கே வேலையிடத்துக்கு நகர்த்தக்கூடிய நிழற்பந்தல், முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, குறித்த நேரத்தில் கட்டாய ஓய்வு ஆகிய மூன்றையும் ஏற்படுத்திப் பார்த்தனர். வெட்டின அளவு குறையுமென்று அஞ்சியதற்கு மாறாக, ஒரு குழுவில் அது கூடவும் செய்தது. நம் ஆலைப் பகுதிகளில் வெட்டுக் குழுவை அனுப்பும் மேஸ்திரிகளிடம் கரும்புக்காரர் இதை நிபந்தனையாகப் பேசலாம்.

தண்ணீரைப் பற்றி நம்மவர் கொண்டுள்ள எண்ணம் திருத்தப்படவேண்டும். தாகம் எடுத்தபின் குடிப்பது காலங்கடந்த செயல். வெயிலில் வேலை செய்வோர் கால் மணிக்கோ இருபது நிமிஷத்துக்கோ ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே மூச்சில் ஒரு செம்பைக் குடிப்பதைவிட இதுவே உத்தமம். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறுந்தண்ணீரைக் குடிப்பதும் ஆகாது. இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போகும். வியர்வையோடு உப்பும் போகிறபடியால் நீராகாரம், உப்பிட்ட நீர்மோர், கூழ் ஆகியவை தண்ணீரினும் மேலானவை. சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கொடுக்கலாம். அது இல்லாதபோது, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து, கலந்துகொள்ளலாம். நுங்கும் பதநீரும் நல்லவையே. தேநீரைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்ததாக எண்ணிக்கொள்வது சரியன்று. சாராய வகைகள் உடம்பின் நீரை வற்றச்செய்வன. வேலை முடிந்த களைப்புக்கு மருந்து என்று அவற்றைக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது அறவே ஒழிக்கத்தக்கது.

இங்கே எழுதக் கூச்சமுள்ள ஒரு விஷயத்தையும் எழுதியாகவேண்டும். வேலைக்கு வரும் பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. வெட்டவெளிக் கழனியில் ஒதுங்க மறைவிடம் இல்லாமையே காரணம். காலையில் புறப்படும்போது வாய் நனைப்பதோடு சரி. வீடு திரும்பும் வரையில் அடக்கிக்கொள்கிறார்கள். பானை பானையாக மோர் கொண்டுவந்து வைத்தாலும் அவர்களிடம் செலவாகாது. கிணற்று மோட்டார்க் கொட்டகைக்குப் பின்புறம் நாலு கீற்றுத் தட்டியால் ஒரு மறைப்புக் கட்டிக் கொடுப்பதற்கு ஒரு பொழுது வேலை போதும். உர மூட்டைக்குக் கொட்டகை போடும் நாம் இதை நினையாதிருப்பது வியப்பாகவே இருக்கிறது.

உடம்பு வெயிலுக்குப் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரையில் ஆகும். வெப்பத்தால் விழுபவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே விழுகின்றனர் என்பது பல தேசங்களிலும் கண்ட உண்மை. ஆகையால் ஆலை வேலையிலிருந்து விடுமுறையில் வந்த மகன், காய்ச்சலாய்க் கிடந்து எழுந்தவர், பிரசவம் முடிந்து திரும்பியவர், கல்லூரி மூடியபின் கைச்செலவுக்காக வரும் பிள்ளைகள் ஆகியோரை முதல் நாளே முழு வேலையில் விடலாகாது. முதல்நாள் ஐந்தில் ஒரு பங்கு, மறுநாள் இரண்டு பங்கு என்று கூட்டிக்கொண்டு போகவேண்டும். "இளரத்தம், தாங்கும்" என்பது தவறான வார்த்தை. இளரத்தம் சொல்லாமல் தாங்கிக்கொண்டிருந்து திடீரென்று விழும்.

விழுந்தவரை என்ன செய்வது என்பதில்தான் நமது கிராமங்களில் உயிர்கள் வீணாகின்றன. தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு என்ற அளவில் இருந்தால் நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, உப்புநீர் கொடுக்க, பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் பேச்சுக் குழறினாலும், சம்பந்தமில்லாமல் பேசினாலும், நடை தள்ளாடினாலும், நினைவு தப்பினாலும் அது வெப்ப மயக்கத்தைக் கடந்து வெப்பத்தாக்கு ஆகிவிட்டது. உட்சூடு 40 டிகிரிக்கு மேற்போயிருக்கும். வியர்வை ஓடுகிறதே, ஆகையால் வெப்பத்தாக்கு அன்று என்று எண்ணவேண்டாம்; உழைப்பினால் வரும் தாக்கில் வியர்வை ஓடிக்கொண்டேயிருக்கலாம். அப்போது ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கும் ஈரலுக்கும் கேடு. உடனே 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரையில் சும்மா இராமல், மோட்டார்த் தொட்டி அருகிலிருந்தால் தலை நீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு அதில் கழுத்தளவு இறக்கவேண்டும். இல்லையேல் குடங்குடமாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறவேண்டும். "சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும்" என்று பெரியோர் தடுப்பர். இவ்வெண்ணம் எங்கிருந்து வந்ததோ அறியேன். இவ்விஷயத்தில் அது கொல்லும் எண்ணம். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவதுதான் உண்மையில் அபாயம். அது மூச்சுக்குழாயில் இறங்கும். காய்ச்சல் மாத்திரையும் இதற்குப் பயன்படாது.

கால்நடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். அவற்றின்மேல் நம்மவருக்கு அக்கறை இயல்பாகவே உண்டு. கலப்பினக் கறவைகள் நாட்டு மாடுகளைப்போல் வெயில் தாங்கா. மூச்சிரைத்தலும், தீனி மறுத்தலும், கறவை குறைதலும் முதற்குறிகள். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவாகையால் அதற்குக் குட்டையோ குளிப்பாட்டலோ இன்றியமையாதது. வைக்கோல் செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். ஆதலால் காய்ந்த தீவனத்தை இரவிலும், பசுந்தீவனத்தைக் காலையிலும் இடுக. கல்நார்த் தகட்டுக் கொட்டகையின் மேல் தென்னங்கீற்றோ வைக்கோலோ பரப்பி வைப்பது நல்லது.

கொட்டகைக்குச் சொன்னது குடியிருக்கும் வீட்டுக்கும் பொருந்தும். கீற்று வேய்ந்த வீடும் நாட்டு ஓட்டு வீடும் போய்க் காங்கிரீட் தளமும் தகரக் கூரையும் வந்துவிட்டன. மழைக்கும் தீக்கும் இவை மேலானவை என்பதை மறுப்பாரில்லை. ஆனால் பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவில் அதை வீட்டுக்குள் கக்குகிறது. பகலில் வாடிய உடம்பு இரவில்தான் தேறவேண்டும். இரவும் புழுங்கினால் மறுநாள் வேலைக்கு அது பாதி உடம்பாகவே வருகிறது. தளத்தின்மேல் ஆண்டுக்கொருமுறை மாசியில் வெள்ளைச் சுண்ணாம்பு இருமுறை பூசினால் வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். உள்ளே சில டிகிரி குறையும். வீட்டுக்கு முன்பு குடியிருந்த வேம்பையும் பூவரசையும் வாகனம் நிறுத்த இடமில்லை என்று வெட்டிவிட்டுப் பிறகு குளிர்பெட்டி வாங்குவோரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மரம் என்றதும் நிலமுடையோர் முகம் சுளிப்பதை அறிவேன். வரப்பு மரத்தின் நிழலில் பயிர் விளையாது, பறவை சேரும் என்பது மெய்யே. ஆனால் பத்து ஏக்கருக்கு ஒரு மரமேனும் இல்லாத வெளிகள் இப்போது மைல்கணக்கில் கிடக்கின்றன. கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் பயிருக்கு இடையூறில்லாத இடம் எவருக்கும் உண்டு. புங்கு இதற்கு மிகவும் ஏற்றது; கோடையிலேயே தளிர்த்து நிழல் தரும்; தழையும் எருவாகும். வாய்க்கால் கரை, வண்டிப்பாதை ஓரம் ஆகிய புறம்போக்குகளில் மரம் வளர்த்துப் பலன் எடுப்போருக்கு 2-சி பட்டா கொடுக்கும் முறை பல காலமாக இருந்துவருகிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் இதை அடங்கலில் பதியும் சடங்காக மட்டும் கருதாமல், நிலமற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லி ஊக்குவிக்கலாம்.

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் சொல்லவேண்டியவை இன்னும் இரண்டு. ஊராட்சிச் செலவில் நடக்கும் மண்வேலைகளிலேயே நேரத்தை முதலில் மாற்றிக் காட்டவேண்டும். 2005-ஆம் ஆண்டின் வேலையுறுதிச் சட்டத்தில், வேலையிடத்தில் குடிநீர், குழந்தைகளுக்கும் ஓய்வுக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்கவேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. அவ்வாறு நிழல் அமைத்த வேலையிடங்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். சர்க்கார் வேலையில் இல்லாததைப் பட்டாதாரர் வயலில் எதிர்பார்ப்பது எப்படி என்று கூட்டங்களில் என்னைக் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மற்றொன்று மரணப் பதிவைப் பற்றியது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தமிழ்நாடு அரசாங்கத்தார் வெப்ப அலையை மாநிலத்தின் தனிப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவித்தொகை அளிக்க உத்தரவிட்டனர். வெப்பத்தினால் நேர்ந்த மரணம் என்பதற்கு உரிய சான்று வேண்டும். ஆனால் நடப்பது யாது? நண்பகலில் வயலில் விழுந்தவரைக் கட்டிலில் தூக்கி வருவர். "மாரடைப்பு" என்று யாராவது சொல்வர். வெயில் காலமாகையால் வைத்திருக்க இயலாது என்று அந்தி சாயுமுன் காரியம் முடிந்துவிடும். பதிவேட்டில் மாரடைப்பு என்றே ஏறும். எந்த ஊரில் எத்தனை பேரை வெயில் கொண்டுபோயிற்று என்பது சர்க்காருக்கும் தெரிவதில்லை; எனவே நிழலுக்கும் நீருக்கும் பணம் ஒதுக்கும்போது அவ்வூரின் பெயர் நினைவுக்கு வருவதுமில்லை. இயற்கைக்கு மாறான மரணங்களைப் போலீசாருக்குத் தெரிவிப்பது கிராம நிர்வாக அலுவலரின் கடமையில் ஏற்கெனவே சேர்ந்தது. வெயில் காலத்தில் வேலையிடத்தில் நேரும் மரணத்தையும் அவ்வாறே கருதி, விழுந்த நேரம், செய்துகொண்டிருந்த வேலை, எத்தனை மணி முதல் வெயிலில் இருந்தார், உடம்பு தொட்டால் எப்படி இருந்தது, விழுமுன் பேச்சுத் தடுமாறிற்றா என்ற விவரங்களை உடனிருந்தவர்களிடம் அன்றைக்கே கேட்டு எழுதி, தாசில்தாருக்கு அனுப்பவேண்டும். உதவித்தொகை உண்டென்பதையும், அதற்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனை வேண்டும் என்பதையும் குடும்பத்தாரிடம் அந்நேரத்திலேயே பக்குவமாகச் சொல்லவேண்டும். பதினாறாம் நாள் கழிந்தபின் சொன்னால், சான்று பெறுவதற்கு வழியிருக்காது.